கறுப்புக் காரும் சிவப்பு இயந்திரமும்: வீட்டிலேயே வலைக்கீறல் எடுத்த கதை

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம். 5,800 ரூபாய்க்கு நான் வாங்கிய பாலிஷ் இயந்திரம் கொடுத்த காசுக்கு உழைக்கிறது. ஆனால் அதே பெட்டியில் வந்த பஞ்சு வட்டுகள், மெழுகுக் குப்பி, மஞ்சள் துணி மூன்றையும் காரின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். இயந்திரத்தின் பெயரைக் கேட்காதீர்கள். ஒரே வார்ப்பில் செய்து பல பெயர்களில், பல நிறங்களில் விற்கிறார்கள். என்னுடையது சிவப்பு. பக்கத்துத் தெருவில் ஒருவர் பச்சை வைத்திருக்கிறார். இரண்டையும் திறந்து பார்த்தோம்; உள்ளே கார்பன் பிரஷ் முதல் ஸ்விட்ச் வரை ஒன்றுதான். வாங்கும்போது பார்க்க வேண்டியவை தட்டின் அளவு (5 அங்குலம்), ஆட்டத்தின் அளவு (8 மில்லிமீட்டர்), வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. இவை இருந்தால் மேலே ஒட்டியிருக்கும் பெயர் எதுவானாலும் சரி.

சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காலண்டர் தாளில் வார்னிஷ் சரியாக ஏறியிருக்கிறதா, எங்காவது உரசல் விழுந்திருக்கிறதா என்று விளக்கின் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தே மூக்குக்கண்ணாடியின் பவர் ஏறியது. அப்படிப்பட்டவன் ஒரு கறுப்புக் காரை ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து வாங்கினேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பெரியப்பா மகனுடைய 2016 மாடல் கார். அவர் வீட்டு போர்டிகோவில் நின்றபோது மழையில் நனைந்த எருமை மாதிரி மினுமினுத்தது. மறுவாரம் திருவில்லிபுத்தூர் போகும் வழியில் டீ குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பத்தரை மணி வெயில். பானட்டில் சூரியன் பிரதிபலித்த இடத்தைச் சுற்றி வட்ட வட்டமாக ஒரு பெரிய சிலந்தி வலை. டீ ஆறிப்போனது.

அந்த வட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கீறல்கள் வட்டமாக விழுந்திருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். துடைப்பவர் கையைச் சுற்றிச் சுற்றித் துடைத்ததால் வந்தது என்பார்கள். அது முழு உண்மை இல்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும் கோணல்மாணலாகக் கிடக்கின்றன. வெளிச்சம் வரும் வழிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னி நம் கண்ணில் படுகின்றன, மற்றவை ஒளிந்துகொள்கின்றன. மின்னுபவை எல்லாம் சேர்ந்து விளக்கைச் சுற்றி ஒரு வளையமாகத் தெரிகின்றன. சந்தேகம் இருந்தால் டார்ச்சை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள், வளையமும் கூடவே நகரும். கம்பி நார் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தாம்பாளத்தைப் பல்புக்குக் கீழே பிடித்தாலும் இதே வேடிக்கைதான்.

டியூப்லைட் ஏன் என்னை ஏமாற்றியது என்பதும் இதில் இருக்கிறது. நீளமான குழாயிலிருந்து பரவி வரும் வெளிச்சம் கீறலை மெழுகிவிடும். மேகம் மூடிய வானமும் அப்படியே. ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் வேண்டும்: சூரியன், கைபேசியின் ஃபிளாஷ், சிறிய எல்.ஈ.டி. டார்ச். ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு டார்ச்சைப் பெயிண்டிலிருந்து ஒரு முழத் தூரத்தில் பிடித்து, தலையை மட்டும் அசைத்துப் பார்க்க வேண்டும். இதற்கென்றே தொழில்முறை விளக்குகள் விற்கிறார்கள், ஐந்தாயிரம் பத்தாயிரம் என்று. என் 400 ரூபாய் டார்ச் அந்த வேலையைச் செய்தது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இயந்திரம் வாங்காவிட்டாலும் ஒரு டார்ச்சாவது சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்துக்கு முன்னால் ஒரு கடையின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மதுரையில் ஒரு கார் பாலிஷ் கடை, பெயர் வேண்டாம். 4,500 ரூபாய். “அண்ணாச்சி, ஷோரூமிலிருந்து இறக்கிய மாதிரி ஆக்கித் தருகிறேன்” என்றார் அந்தத் தம்பி. தந்தும்விட்டார். மூன்று வாரம் ஊரே பார்த்தது. மூன்றாவது தடவை ஷாம்பு போட்டுக் கழுவியபோது பழைய வலை மெல்ல எட்டிப் பார்த்தது. அதோடு புதிதாக ஒன்றும்: வெயிலில் பார்த்தால் பட்டுப்புடவை மடிப்பு மாதிரி அலை அலையாக ஒரு நிழல், நாம் நடக்க நடக்கக் கூடவே நகர்கிறது.

நடந்தது இதுதான் என்று பிறகு புரிந்தது. கீறலை எடுக்காமல், அதற்குள் எண்ணெய்ப் பசை கொண்ட ஒரு நிரப்பியை அடைத்திருக்கிறார்கள். கழுவக் கழுவ அது போய்விட்டது. அந்த அலைகள், ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் கம்பளி வட்டைப் போட்டு அவசரமாக இழுத்ததன் தடம். அச்சகத்தில் மை குறைந்த இடத்தில் வார்னிஷ் அடித்து வாடிக்கையாளர் தலையில் கட்டுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தத் தம்பி மேல் கோபத்தைவிட, இந்தத் தந்திரத்தில் நாமே விழுந்தோமே என்ற எரிச்சல்தான் அதிகம்.

அதன் பிறகுதான் அளவெடுக்கும் புத்தி வந்தது. நாம் நகல் எடுக்கும் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) தாள் ஒன்றின் தடிமன் சுமார் 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கம்பெனியிலிருந்து வரும் காரில் தகட்டின் மேல் இருக்கும் துருத்தடுப்பு, பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாமல் இருக்கும் பூச்சான கிளியர் மட்டும் 40 மைக்ரானைச் சுற்றி. தாளின் பாதிகூட இல்லை. வலைக்கீறல் முழுக்க இந்தக் கிளியருக்குள்தான் இருக்கிறது. ‘கீறலை எடுப்பது’ என்றால் கீறலின் அடிவரை சுற்றியுள்ள கிளியரைச் சமமாகத் தேய்த்து இறக்குவது. ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று மைக்ரான் செலவாகிறது. சேமிப்பில் இருப்பதை எடுத்துச் செலவு செய்வதுதான் இது. திரும்பப் போட முடியாது. வெயிலைத் தடுக்கும் மருந்தும் அந்தக் கிளியரில்தான் கலந்திருக்கிறது. அதைத் தீர்த்துவிட்ட கார்களைப் பார்த்திருப்பீர்கள்: கூரையிலும் பானட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தேமல் படர்ந்து, பிறகு தோல் உரியும்.

பழைய கார் விற்பனை செய்யும் நண்பரிடம் பெயிண்ட் தடிமன் காட்டும் மீட்டரை ஒரு நாள் இரவல் வாங்கினேன். பானட் 108. கூரை 112. வலது கதவுகள் 104, 110. இடது பின் கதவு 243! அதாவது அந்தக் கதவு ஒருதரம் பட்டறைக்குப் போய், பட்டி பார்த்து, மறுபடி பெயிண்ட் ஆகியிருக்கிறது. பெரியப்பா மகன் ‘கீறல்கூடப் படாத வண்டி’ என்று சொல்லி விற்றது நினைவுக்கு வந்தது. பொங்கலுக்கு வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. மீட்டரை மட்டும் மேஜைமேல் வைத்திருந்தேன். (பம்பரில் வைத்தால் இந்த வகை மீட்டர் எதுவும் காட்டாது. அது பிளாஸ்டிக், அடியில் உலோகம் வேண்டும்.)

இனி இயந்திரம். கடைக்காரர்கள் வைத்திருப்பது ஒரே இடத்தில் நின்று சுழலும் வகை. நான் வாங்கியது இரட்டை ஆட்ட வகை: வட்டு தானும் சுழலும், மையத்திலிருந்து விலகி 8 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆடவும் செய்யும். கிரைண்டரில் கல் தன்னைச் சுற்றிக்கொண்டே உரலுக்குள் சுற்றிவருவதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது ஆட்டத்தால்தான் அலைத் தடம் விழுவதில்லை, ஒரே இடத்தில் சூடேறிப் பெயிண்ட் வேகும் ஆபத்தும் குறைவு. அதற்கு விலையும் உண்டு. கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலோ, வளைந்த இடத்தில் சாய்த்தாலோ வட்டு சுழல்வதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். சத்தம் மாறாது, நமக்கு வேலை நடப்பதாகவே தோன்றும். நான் முதல் நாள் முன் கதவில் பத்து நிமிடம் இப்படி வெறும் அதிர்வைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்தட்டின் ஓரத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்வது இதற்கு வைத்தியம். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் வேலை நடக்கிறது. நின்றுவிட்டால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

இத்தாலியில் 1947 முதல் இருக்கும் ரூபெஸ் நிறுவனம் 15, 21 மில்லிமீட்டர் ஆட்டத்தில் இயந்திரங்கள் செய்கிறது. ஆட்டம் பெரிதானால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அதன் விலை என் இயந்திரத்தைப் போலப் பல மடங்கு. வருடத்துக்கு ஒரு காரைத் தொடுகிறவனுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

சிவப்பு இயந்திரத்தின் குறைகளைச் சொல்கிறேன். வயர் இரண்டரை மீட்டர்தான்; எக்ஸ்டென்ஷன் பெட்டி இல்லாமல் கூரையைத் தொட முடியாது. வயர் பெயிண்டில் உரசாமலிருக்கத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும், மாட்டை ஓட்டிப்போகிறவர் கயிற்றைப் போட்டுக்கொள்வது போல. வேகத் திருகு உள்ளங்கை படும் இடத்தில் இருக்கிறது. 4-இல் ஆரம்பித்து, கவனிக்காமல் 6-இல் முடித்த சந்தர்ப்பங்கள் உண்டு. அதிர்வு அதிகம். அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தாவிட்டால் விரல் மரத்துப்போகிறது, பிறகு சட்டைப் பொத்தானைப் போட முடியாது. கூடவே வந்த பஞ்சு வட்டுகளில் ஒன்று இரண்டாம் நாளே சூட்டில் பசை விட்டு, வெல்க்ரோ தட்டோடு ஒட்டிக்கொள்ள, பஞ்சு தனியாகப் பறந்து முருங்கை மரத்தடியில் விழுந்தது. நல்ல வேளை, காரின் மேல் விழவில்லை. மெழுகுக் குப்பியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை, மூடிவிட்டேன். நிறைகளில் முக்கியமானது, மாற்றுக் கார்பன் பிரஷ் ஒரு ஜோடி பெட்டியிலேயே கொடுத்திருந்தார்கள். ஆறு மாதத்தில் என் கார், மாப்பிள்ளையின் கார், பச்சை இயந்திரக்காரரின் கார் (அவருடைய இயந்திரம் பழுது) என மூன்று வண்டிகள் பார்த்துவிட்டது. இன்னும் முதல் பிரஷ்தான் ஓடுகிறது.

இயந்திரத்தைவிடக் காரைக் கழுவியதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். மண் துகள் ஒன்று பெயிண்டில் இருக்கும்போது இயந்திரத்தை வைத்தால் நாமே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். கையுறை மாதிரி இருக்கும் மைக்ரோஃபைபர் உறையை ஒரு பகுதி தேய்த்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் தோய்க்க வேண்டும். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளைப் பொட்டு விழும். கடைசி அலசலுக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீர் எடுத்தேன். “குடிக்க வைத்திருப்பதைக் கொண்டுபோய்க் காருக்கு ஊற்றுகிறீர்களே, இந்த ஊரில் பிறந்தவர்தானா நீங்கள்?” என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. மறுமுறை மொட்டைமாடியில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டேன்.

கழுவித் துடைத்தபின் கையை ஒரு மெல்லிய பாலிதீன் பைக்குள் விட்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் பை வழியாகத் தெரியும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள், தார்ப்புள்ளி, மரப்பிசின் எல்லாம் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு கழுவினாலும் போகாமல் இருக்கும். அதற்கென்று களிமண் மாதிரி ஒரு கட்டி விற்கிறார்கள். சோப்புத் தண்ணீரைத் தெளித்து அதை மெதுவாக இழுத்தால் எல்லாம் அதில் ஏறிவிடும். சப்பாத்தி மாவு போல அடிக்கடி மடித்துப் புது முகம் எடுக்க வேண்டும். கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இந்த ‘கீழே விழுந்தால்’ விதி பஞ்சு வட்டுக்கும் பொருந்தும் என்பதைச் செலவு செய்து கற்றேன். வட்டு கைதவறி சிமெண்ட் தரையில் விழுந்தது. தட்டிவிட்டு, ஊதிவிட்டு, மறுபடி மாட்டினேன். இரண்டு இழுப்பில் டிக்கி மூடியில் வில் வில்லாக ஐந்து கீறல், அதுவரை இருந்ததையெல்லாம்விட ஆழமாக. வேறு யார்மேலும் பழி போட முடியாத கீறல்கள் அவை.

எவ்வளவு கடுமையாகத் தேய்ப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். எடுத்த எடுப்பில் ‘கட்டிங்’ காம்பவுண்டை, அதாவது பாலிஷைவிடக் கடுமையாகத் தேய்க்கும் பசையை, அப்புவது நம் பட்டறைப் பழக்கம். மென்மையானதிலிருந்து தொடங்குவதுதான் முறை. பானட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தை மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிரித்தேன். முதலில் நடுத்தரப் பஞ்சும் மெக்வயர்ஸ் எம்205 பாலிஷும். (1901-இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம், 2008-இல் 3எம் அதை வாங்கியது.) பட்டாணி அளவுக்கு நாலு சொட்டு. இயந்திரத்தை ஓடவிடாமலே முதலில் பரப்பிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சொட்டுகள் சட்டையில்தான் இருக்கும். பிறகு 5-ஆம் வேகத்தில் இடவலமாக ஒருமுறை, மேல்கீழாக ஒருமுறை, இப்படி ஆறு நடை. கை நகரும் வேகம் வினாடிக்கு ஓர் அங்குலம். இது எவ்வளவு மெதுவானது என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். கோவில் தேர்கூட இதைவிட வேகமாகப் போகும்.

துடைத்துவிட்டு டார்ச் அடித்தேன். வலையில் பாதிக்கு மேல் காணோம். ஆனால் மதுரைப் பாடம் நினைவிருந்தது. பாலிஷிலேயே எண்ணெய் இருக்கிறது. அதுவும் கீறலை மறைக்கும். அதைக் கழுவ ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தேவை என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆஃப்செட் மெஷினில் தண்ணீர்த் தொட்டியில் கலக்க ஆண்டுக்கணக்காகக் கையாண்ட ஐபிஏதான் அது! ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து தெளித்துத் துடைத்தேன். மறைந்திருந்த சில கீறல்கள் திரும்பி வந்தன. இப்போது பார்ப்பதுதான் உண்மையான பரப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு பகுதியையும் ஐபிஏ போடாமல் நான் நம்பவில்லை. கடையில் காரைக் கொடுக்கிறவர்களும் இதைக் கேட்கலாம்: ‘என் கண்முன்னால் ஐபிஏ போட்டுத் துடைத்துக் காட்டுங்கள்.’ அவர் முகம் போகிற போக்கிலேயே பதில் தெரிந்துவிடும்.

அந்தச் சதுரத்தில் இன்னும் இருந்தவற்றுக்காகக் கடினப் பஞ்சில் காம்பவுண்ட் போட்டேன். கீறல் போனது, ஆனால் கறுப்பின் மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மங்கல். காம்பவுண்டே உண்டாக்கும் நுண்கீறல் அது. மறுபடி மென்மையான பஞ்சில் எம்205 போட்டதும் தெளிந்தது. இந்த இரண்டாம் கட்டத்தைத்தான் அவசரக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். டேப்பை உரித்தபோது கோட்டுக்கு இந்தப் பக்கம் கிணறு மாதிரி ஆழமான கறுப்பு, அந்தப் பக்கம் கரும்பலகையைத் துணியால் துடைத்த மாதிரி. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “அப்படியானால் முழுவதையும் செய்துதான் ஆக வேண்டுமா?” என்றாள். அந்தச் சதுரத்தோடு நிறுத்த முடியாது என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

நான்கு காலைகள் ஆயின, விடிந்ததும் தொடங்கி எட்டரை வரை. அதற்குமேல் தகடு சுடும். காம்பவுண்ட் வட்டின் கீழேயே காய்ந்து சுண்ணாம்புப் பொடியாகிவிடும். மூன்றாம் நாள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்பதை மறந்து கூரையில் தொடங்கியிருந்தேன். ஒன்பதுக்குத்தான் நிறுத்துவார்கள் என்ற கணக்கு அன்று பலிக்கவில்லை. பாதிக் கூரையில் பாலிஷ் ஈரமாக இருக்கும்போதே இயந்திரம் அடங்கியது. துடைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். கூரையில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று பாதியோடு விட்டுவிடும் யோசனைகூட வந்தது. மாடிவீட்டுக்காரர்கள் பார்ப்பார்களே.

தொடாமல் விட்டவற்றையும் சொல்ல வேண்டும். பானட்டின் மடிப்புக் கோடுகள், கதவு விளிம்புகள் இங்கெல்லாம் பெயிண்ட் மெலிந்திருக்கும். எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடினேன். நகத்தால் குறுக்கே வருடும்போது நகம் தட்டுகிற கீறல் பாலிஷுக்கு அகப்படாது. அதன் அடியைத் தேடிப் போனால் கிளியர் தீர்ந்துவிடும். வலது முன் கதவில் சாவிக் கீறல் ஒன்று அப்படி இருக்கிறது, இருக்கட்டும். பட்டறையில் மறுபெயிண்ட் ஆன இடது பின் கதவில் மென்மையான பஞ்சோடு நிறுத்திக்கொண்டேன். மீட்டர் 243 என்று காட்டினாலும் அதில் எவ்வளவு கிளியர், எவ்வளவு பட்டி என்று யாருக்குத் தெரியும்? பம்பரை மட்டும் கையால் தேய்த்தேன். டேப் ஒட்ட மறந்த ஒரு கறுப்பு ரப்பர் பட்டையில் பாலிஷ் பட்டு வெள்ளையாகக் கறை படிந்துவிட்டது. பல் துலக்கும் பிரஷ் போட்டும் முழுதாகப் போகவில்லை.

துணியைப் பற்றி நான் நினைத்தே பார்த்ததில்லை. ஜிஎஸ்எம் என்பது காகிதத்துக்கு மட்டுமே உரியது என்று 32 ஆண்டுகள் நம்பியிருந்தேன். மைக்ரோஃபைபர் துணியும் அதே கணக்கில்தான் விற்கிறது. 350-க்குக் குறையாமல், ஓரத்தில் தடித்த தையல் இல்லாமல் பார்த்து ஆறு வாங்கினேன். பட்டறைகளில் துடைக்கும் திருப்பூர் பனியன் வேஸ்ட் வண்டி எஞ்சினுக்கு உத்தமம், கிளியருக்கு எமன். கடைசியில் கார்னௌபா மெழுகு பூசினேன், பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது. எங்கள் வெயிலில் ஆறேழு வாரம் நிற்கிறது. செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். அவருடைய கோட்டிங் போட்ட காரில் டார்ச் அடித்துக் காட்டியபின் பேச்சை மாற்றிவிட்டார்.

செலவு: இயந்திரம், நல்ல பஞ்சு வட்டுகள், பாலிஷ், காம்பவுண்ட், களிமண் கட்டி, துணிகள், மெழுகு எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மதுரைக் கடைக்கு இரண்டு தடவை போயிருந்தால் கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கும் தொகை. கறுப்பு, கருநீலம், அடர்சிவப்புக் கார் வைத்திருந்து, காலையில் எழும் பழக்கமும் முதுகில் பலமும் உள்ளவர்களுக்கு வாங்கலாம் என்பேன். வெள்ளைக் காரில் இந்தக் கீறல் பத்தடி தள்ளி நின்றால் தெரியவே தெரியாது. அந்தப் பணத்தில் நல்ல துணி வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள். ஒரு வருடத்துக்குள் இரண்டாம் தடவை தேய்க்க வேண்டியிருக்கும் என்று நினைப்பவர்களும் வாங்க வேண்டாம். அப்படித் தோன்றினால் கோளாறு துடைப்பதில் இருக்கிறது.

துடைப்பதில் கோளாறு என்றதும் எங்கள் தெருவில் கார் துடைக்கும் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. மாதம் 400 ரூபாய். தினமும் விடிகாலையில் வந்து, அரை வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்துப் பத்துக் கார்களையும் துடைத்துவிட்டுப் போவார். எட்டாவது காருக்கு வரும்போது அந்தத் துணியில் ஏழு கார்களின் மண் இருக்கும். என்னுடையது ஒன்பதாவது. இனி வேண்டாம் என்று சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. “என் வேலையில் என்ன குறை அண்ணாச்சி?” என்றார். ராத்திரி வரச் சொல்லி, துடைக்காத என் காரிலும் அவர் தினமும் துடைக்கும் எதிர்வீட்டுக் காரிலும் டார்ச் அடித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டார்ச்சைக் கையில் வாங்கி, தன் மோட்டார் சைக்கிள் டேங்கின் மேல் அடித்துப் பார்த்தார்.

டேங்க் வளைவுக்கு 5 அங்குலத் தட்டு உட்காராது. 3 அங்குலத் தட்டும் இரண்டு சிறிய பஞ்சும் 650 ரூபாய்க்குச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார், இரண்டு வாளியோடு.